காப்புக் கட்டாதவள்

கதவைத் திறந்த சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

காப்பு.

அவளுக்கு இது பதினோராவது வாசல். பதினோரு வாசலிலும் இதே கைதான். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவன் இழவு வீட்டுப் படி ஏறக்கூடாது, பிணத்தைத் தொடக்கூடாது. அவளுக்குத் தெரியாதா என்ன? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே.

ஆனால் ஊரில் இருக்கிற அத்தனை ஆம்பளையுமா கட்டிக்கொள்வான்!

"செத்துக் கெடக்கறது உங்க அண்ணன் பொண்டாட்டி சித்தப்பா," என்றாள். "நாலு பேர் வேணும். நாலே நாலு பேர்."

"காப்பு அறுக்கற வரைக்கும் எனக்குத் தீட்டும் கெடையாது, ஒறவும் கெடையாது கண்ணு. ஆத்தா கோவிச்சுக்குவா."

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அந்த மெதுவில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வீட்டில் அம்மா விடிந்ததிலிருந்து கிடக்கிறாள். பாவாத்தாள். பால் காய்ச்ச எழுந்தவள் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். மகள்தான் தனியாளாகக் குளிப்பாட்டினாள். தனியாளாகப் புடவை மாற்றினாள். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவளைக் கட்டினவன் விட்டுவிட்டுப் போய் ஆறு வருடம்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் அழத்தான் அழுதார்கள்.

ஜன்னல் வழியாக.

தெருவில் மேளம் இல்லை. பொங்கல் புகை இல்லை. ஊருக்குள் பிணம் கிடக்கும்வரை சாமி நகராது, அதுதான் கட்டு. காலையில் புறப்பட வேண்டிய அம்மன் அலங்காரம் முடிந்து, சப்பரத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். பூவெல்லாம் வாடுகிறது. ஊருக்கு இன்றைக்கு அதுதான் துக்கம். பாவாத்தாள் செத்தது அல்ல.

அவள் வீடு திரும்பியபோது தர்மகர்த்தா வந்திருந்தார். வாசலுக்கு அல்ல, வாசலிலிருந்து பத்தடி தள்ளி. அவர் பின்னால் நாற்பது ஆண்கள்.

"மணி ரெண்டாச்சு அம்மிணி. ஆத்தா காத்துக்கிட்டிருக்கறா. சீக்கிரம் எடுத்துப்போடோணும்."

"யாருங்க எடுக்கறது?"

அவர் சற்று விலகி நின்றார்.

பஞ்சாயத்துக் குப்பை வண்டி. வெளியூர் ஆட்கள் இரண்டு பேர். வண்டியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் ‘மக்கும் குப்பை’ என்று எழுதியிருந்தது.

"நல்லாக் கழுவி, மஞ்சத்தண்ணியும் தெளிச்சாச்சு," என்றார். என்ன ஒரு பெரிய மனசு!

அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. காலையிலிருந்து வந்ததெல்லாம் அந்த நிமிடத்தில் நின்றுபோனது.

அம்மா ஒரு வருடம்கூடக் காப்புக் கட்டியதில்லை. சின்ன வயதில் இவள் கால் உதைத்து அழுதிருக்கிறாள். எல்லார் அம்மாவும் மஞ்சள் சேலை கட்டித் தீச்சட்டி எடுக்கிறார்கள், நீ மட்டும் என்ன ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறாய் என்று. அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஊரே கட்டிக்கிட்டா, நடுவுல ஒரு உசுரு போச்சுன்னா யாரு கண்ணு போறது?"

போகாமலா இருந்தன உயிர்கள்?

திருவிழா நடுவில் இதே தர்மகர்த்தாவின் தாயார் போய்ச் சேர்ந்தார். மூன்று வருடம் முன்பு. தூக்குவதற்கு அவர்களுக்கு வெளியூரில் சொந்தபந்தம் இருந்தது, காரில் வந்து இறங்கினார்கள். குளிப்பாட்ட? புண்ணில் சீழ் வைத்துக் கிடந்த உடம்பை மடியில் சாய்த்துக் கழுவியது யார்? பெற்ற மகன் அன்றைக்கும் பத்தடி தள்ளித்தான் நின்றார்.

நாற்பது பேர் நிற்கிறார்கள். நாற்பது பேரில் பாதிப் பேரின் வீட்டுக்காவது அம்மா போயிருப்பாள்.

சந்தனம், விபூதி, கையில் கயிறு. பதினைந்து நாள் விரதத்தில் முகமெல்லாம் என்ன தேஜஸ்.

"எடுக்க வேண்டாங்க," என்றாள்.

"என்ன சொல்ற?"

"எங்கம்மா எங்கயும் வரல. வண்டியத் திருப்பிக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

"அதெப்படி அம்மிணி? பொணம் கெடந்தா ஆத்தா நவுர மாட்டாளே!"

"நவுர வேண்டாம்."

தர்மகர்த்தாவுக்குப் பின்னால் யாரோ சாமி குத்தம் என்று முணுமுணுத்தான்.

"யாரோட குத்தம்?" குரல் உடைந்தது. உடைந்தாலும் நிறுத்தவில்லை. "இத்தன பெரிய ஊர்ல எங்கம்மா வீட்டு எழவுக்கு ஒரு நாதி வரல. பச்சத்தண்ணி குடிக்காம, காலைலிருந்து நவுராம உக்காந்திருக்கறது ஆத்தா ஒருத்திதான். உக்காந்திருக்கட்டும். எங்கம்மாவுக்கு அவளாச்சும் தொணையா இருக்கட்டும். அவளுக்கு அவசரமில்லீங்க. உங்களுக்குத்தான் அவசரம்."



வண்டிக்காரன் ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு, யாரும் சொல்லாமலேயே, வண்டியைப் பின்னால் எடுத்தான்.

அவள் உள்ளே போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முகத்தில் மொய்த்த ஈயை முந்தானையால் விசிறி விரட்டினாள். கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. ஒருவனும் கலைந்து போகவில்லை.

நாற்பது பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.