முழங்காலிட்ட சாலை

சாலையின் இரு பக்கமும் சேற்றுப் பனியில் முழங்காலிட்டிருக்கிறோம். போர்முனையில் செத்த பையனின் சவப்பெட்டி ஊருக்குள் வரும்போது எங்கள் உக்ரைனில் யாரும் நின்றுகொண்டு பார்ப்பதில்லை. என் பக்கத்தில் பனாஸ், செத்த யாரெமாவின் அப்பன், தொப்பியைக் கழற்றி மார்போடு அழுத்திப் பிடித்திருக்கிறான். அவன் வழுக்கையில் பனி விழுந்து உருகுகிறது. பெட்டி வருவதற்கு முன்னால் ஒரு கறுப்புக் கார் வந்து நிற்கிறது. ஆயுத உதவி வருகிறது, வருகிறது என்று சொல்லியே காலத்தைக் கடத்தும் வெளிநாட்டுத் துரைகளில் ஒருவன் இறங்குகிறான். எங்களைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்குகிறது. ஓடி வந்து பனாஸைத் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்க்கிறான். மொழிபெயர்க்கும் பெண் தரையைப் பார்த்தபடி சொல்கிறாள். "எந்திரிங்க அய்யா. நன்றி சொல்ல மண்டி போட வேண்டாங்கிறாரு."

"நன்றியா? முதல்ல குண்டு வந்து சேரட்டும்" என்கிறேன் நான்.

பனாஸ் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிடுகிறான். "மண்டி போட்டது அவருக்கு இல்லன்னு சொல்லும்மா. பீரங்கிக்குக் குண்டு இல்லாம செத்த என் மூத்தவன் பின்னாடி வர்றான். சின்னவன் இன்னும் அதே பீரங்கிகிட்டதான் நிக்கிறான். அவனுக்காவது குண்டு வருமான்னு கேளு."

அவள் கேட்கிறாள். "வருது, வருதுங்கிறாரு" என்கிறாள். பெட்டி வண்டி வந்து, கறுப்புக் காரைத் தாண்டிப் போக இடமில்லாமல் நிற்கிறது.

"சரி, வழியையாவது விடச் சொல்லு" என்கிறான் பனாஸ்.