இடது கட்டைவிரல்

“முழங்கையை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளு. ஆங், அப்படித்தான். இப்பப் போடு” என்றாள் அண்ணி.

நாத்தனார் முட்டியை மடக்கி எழும்பிப் பந்தை விட்டாள். அது வளையத்தின் வலது விளிம்பில் மோதிக் கம்பிவேலி வரை உருண்டது. அண்ணியே ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தாள்.

“எப்பப் பாத்தாலும் வலது பக்கமாவே போகுது அண்ணி. எங்க தப்பு பண்றேன்னே புரியல.”

“பழகப் பழகச் சரியாயிடும். முழங்கையை மட்டும் மறந்துடாத.”

மருந்து கம்பெனியின் பின்புறம், லாரிகள் திரும்பும் இடத்தை ஒட்டி இருந்தது அந்தக் கூடைப்பந்து மைதானம். இருவருக்கும் ஒரே பேக்கிங் பிரிவு, ஒரே டீம், ஒரே வீடு. வேலை தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்து, பதினைந்து நாளாக இந்தப் பயிற்சி.

டீமில் ஆடுபவர்களில் ஒருத்தியை மட்டும் நிரந்தரமாக்கப் போவதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. மற்றவர்கள் ஒப்பந்தத்தில் தொடரலாம். ஆனால் ஒப்பந்தத்தில் இருப்பவளுக்கு முப்பத்திரண்டு வயது முடிந்தால் டீமும் கிடையாது, வேலையும் கிடையாது. அண்ணிக்கு அடுத்த மாதம் முப்பத்திரண்டு முடிகிறது. நாத்தனாருக்கு இருபத்துமூன்று.

தேர்வில் சுற்றி வளைப்பு எதுவும் இல்லை. கோட்டில் நின்று ஆளுக்கு இருபது ஃப்ரீ த்ரோ. அதிகம் போடுபவளுக்கு வேலை; சமமாக வந்தால் வயதில் இளையவளுக்கு.

நாத்தனாரின் தப்பு எங்கே என்று அண்ணிக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. முழங்கையில் ஒன்றுமே இல்லை. பந்தை விடும் நொடியில் அவளுடைய இடது கட்டைவிரல் அதைத் தள்ளிவிடுகிறது. இடது கை பந்தைத் தாங்கினால் போதும், தள்ளக் கூடாது. இவ்வளவுதான். அது தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தபோது வந்ததோ முழங்கைப் பேச்சு.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கணவன்கூட, “என்னாச்சு உனக்கு? முகமே சரியில்லையே” என்று கேட்டான்.

“டெஸ்ட் பயம். வேற ஒண்ணுமில்ல” என்றபடி அவன் சட்டைகளை வாளியில் ஊறப்போட்டாள். முன்பெல்லாம் கிரீஸ் கறையைத் தேய்த்துத் தேய்த்து விரல் எரியும். இப்போது ஒரே அலசலில் வேலை முடிந்துவிடுகிறது. சோப்பை மாற்றியது நல்லதாகப் போயிற்று.

தேர்வுக்கு முந்தின நாள் அண்ணி கொஞ்சம் தாமதமாக வந்தாள். சுவர் ஓரம் திரும்பும்போதே பந்து வலைக்குள் இறங்கும் சத்தம் ஐந்தாறு முறை விடாமல் கேட்டது. அவள் நடையை எட்டிப் போட்டாள். மைதானத்தில் நாத்தனார் மட்டும் நின்றிருந்தாள். அடுத்த பந்து வலது விளிம்பில் மோதி வெளியே போனது. அதைப் பார்த்ததும் மனம் லேசானது. லேசானதே என்று தன்மீதே அருவருப்பாகவும் இருந்தது.

“கட்டை...” என்று ஆரம்பித்தாள்.

“என்ன அண்ணி?”

“கட்டை மாதிரி நிக்காத. முட்டியை மடக்கு.”

மறுநாள் விளையாட்டு அதிகாரி விசில் ஊதினார். மற்ற பெண்கள் யாரும் பதினொன்றைத் தாண்டவில்லை. அண்ணி பதினான்கு போட்டாள். கடைசியாக நாத்தனார் வந்து கோட்டில் நின்றாள், முழங்கையை வெளியே தள்ளிக்கொண்டு.

பத்தொன்பது பந்து முடிந்தபோது அவள் கணக்கு பதின்மூன்று. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். இருபதாவது பந்து வளையத்தின் வலது விளிம்பில் மோதும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் டீமே வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டது.

உடை மாற்றும் அறையில் நாத்தனார் தனியாக உட்கார்ந்திருந்தாள். அண்ணி கதவைச் சாத்திவிட்டு எதிரே நின்றாள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலேன்னா எனக்குத் தூக்கம் வராது. தப்பு உன் முழங்கைல இல்ல. இடது கட்டைவிரல்ல. தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்.”

நாத்தனார் ஷூ லேஸை அவிழ்ப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும். மூணாம் நாளே போன்ல வீடியோ எடுத்துப் பாத்துட்டேன். அதைச் சரி பண்ணியும் பத்து நாளாச்சு.”

அண்ணி பக்கத்து பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தாள்.

“அப்ப அந்தக் கடைசிப் பந்து?”

“நானாத்தான் வெளிய அடிச்சேன்.”

“எனக்காகவா? நான் இவ்வளவு பண்ணியும்...”

“உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க.” நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. “நீங்க பண்ணதை நான் மறக்க மாட்டேன். ஆனா நான் ஜெயிச்சா அடுத்த மாசம் உங்க வேலை போயிடும். வீட்டுக்கு நம்ம ரெண்டு பேர் சம்பளமும் வேணும்.”

“ஒண்ணு போனா என்ன, குடும்பம் முழுகியா போயிடும்? உங்க அண்ணன் சம்பாதிக்கிறாரே.”

நாத்தனார் கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“அண்ணனுக்கு வேலை போய் மூணு வாரமாச்சு அண்ணி.”