மூர்த்தி வெட்டிய வரப்பு

“பாய், மறுபடியும் என் வரப்ப வெட்டி வுட்டுட்டான் இந்த மூர்த்தி! கழனியில சொட்டுத் தண்ணி இல்ல!”

பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அப்துல் லத்தீப் குடையை விரிப்பதற்குள் ராஜாத்தி வழியை மறித்துக்கொண்டாள்.

காட்டூரில் அவருக்கு ஒட்டினாற்போல இரண்டு கழனிகள். மேல் கழனி ராஜாத்தியின் குத்தகை, கீழ்க் கழனி மூர்த்தியுடையது. இந்தச் சம்பாவில் யாருக்கு அதிகம் விளைகிறதோ அவர்களுக்கே இனி இரண்டின் குத்தகையும் என்று பாய் சொல்லியிருந்தார். தோற்றால், புருஷன் இல்லாத ராஜாத்திக்குப் பழையபடி ஏரியில் இறங்கி இறால் தடவுவதுதான் கதி.

பாய் அவளோடு நேரே கழனிக்கு நடந்தார். “இன்னாப்பா மூர்த்தி, அந்தப் பொண்ணு சொல்றது நெசமா?”

“நண்டு வளை போட்டிருக்கும் பாய். ஏரி நண்டெல்லாம் புடிச்ச கைக்கு வரப்பு நண்டு மாட்டல போல!”

சிரித்தவனின் கழனியில் முழங்கால் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. பாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“வாம்மா, பஞ்சாயத்துல வெச்சே கேட்டுடலாம்.”

“ஐயோ வேணாம் பாய். அவன் பாவம் அவனோட. நான் வரப்பக் கட்டிக்கிறேன்.”

அட, என்ன பொறுமை இவளுக்கு!

தை பிறந்து களத்துக்கு வந்த பாய் அசந்துபோனார். ராஜாத்தியின் நெல் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது. மூர்த்தியின் குவியல் அதில் பாதிகூடத் தேறாது. தேங்கின தண்ணீரில் வேர் அழுகி, பயிர் கிளைத்துத் தூர் கட்டாமலே நின்றுவிட்டது. அவன் யார் முகத்தையும் பாராமல் மாட்டை ஓட்டிக்கொண்டு போனான்.

“மாஷா அல்லாஹ்! ரெண்டு கழனியும் இனிமே உன்னுதுதாம்மா. ஆமா, தண்ணியெல்லாம் திருட்டுப் போயும் எப்படி இந்த வெளச்சல்?”

ராஜாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ரேடியோவுல சொன்னாங்க பாய், அப்பப்போ தண்ணிய வடிச்சு, மண்ணு காஞ்சப்புறம் மறுபடி பாய்ச்சினாத்தான் தூரு நல்லாக் கட்டும்னு. வடிக்கணும்னா அவன் கழனி வழியாத்தான் வுடணும். கால்ல வுழாத குறையாக் கேட்டேன், முடியவே முடியாதுன்னுட்டான். அதான், ‘தண்ணி வடிஞ்சா என் பயிரு செத்துடுமே’னு அவன் காதுல வுழறாப்போல பஸ் ஸ்டாப்புல நின்னு அழுதுட்டு வந்தேன்!”