மௌன முகாமில் கருணாகரன்

அம்பூரி மலையில் நடந்த பத்து நாள் பௌத்த மௌன தியான முகாமில் கணவர் கருணாகரனைச் சேர்த்துவிட்டு வந்த நான்காம் நாளே, அவரைத் திரும்பக் கூட்டிப் போகும்படி பிரேமகுமாரிக்குப் போன் வந்தது.

ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த முகாம் அலுவலகத்தில், கருணாகரன் கையில் பையோடு தலைகுனிந்து நின்றார்.

“பத்து நாளு வாயத் தொறக்க மாட்டேன், தொறந்தா மீசைய எடுக்கேன் எண்ணு ஊரு பூரா சொல்லிட்டுல்லா வந்திய. நாலு நாளு முடியலியா?” என்று கேட்டாள் பிரேமகுமாரி.

அவருக்குக் கண் கலங்கியது. உதட்டில் விரல் வைத்து, இல்லையென்று தலையாட்டினார்.

“அவரத் திட்டாதீங்க சேச்சி,” என்றார் முகாம் பொறுப்பாளர் ஷைஜு. “முழிச்சிருக்கும்ப ஒரு வார்த்தை பேசினதில்ல. இப்பவும் விரதத்திலதான் நிக்காரு.”

“பின்ன என்ன குத்தம்?”

“நேத்து மத்தியானம் தியானத்தில இருந்து அப்படியே உறங்கிட்டாரு. அந்த உறக்கத்தில, ‘உதியன்குளங்கரை எறங்கு, எறங்கு’ எண்ணு ஒரே சத்தம்.”

பிரேமகுமாரிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“முப்பது வருஷம் பஸ்ஸில கண்டக்டரா இருந்தவராக்கும். வீட்டிலயும் இப்பிடித்தான். அதுக்குப் போயி ஒரு மனுசன வெளிய அனுப்புவியளா?”

“சத்தம் மட்டும் எண்ணா விட்டிருப்போம் சேச்சி. கண்ண மூடி இருந்த உதியன்குளங்கரைக்காரங்க மூணு பேரு எழும்பி, அறையில கெடந்த அவங்கவங்க பையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பேரக் கேட்டில பிடிச்சோம். மூணாவது ஆளு வீட்டில போய் மீன்கறியும் சோறும் தின்னாச்சு. இனி வரமாட்டாராம்.”