நிற்க வைக்கும் பட்டி

நாள் முழுக்க நிற்க முடியவில்லை, ஆளுக்கொரு முக்காலியாவது போடுங்கள் என்று ஜவுளிக்கடைப் பெண்கள் கேட்டார்கள். முதலாளி ஆளுக்கொரு பட்டி கொடுத்தார். இடுப்பில் கட்டிக்கொண்டால் அது முதுகையும் வயிற்றையும் விறைப்பாக்கி வைத்துக்கொள்ளும். கடை சாத்தும்வரை வலி தெரியாது.

பட்டுப்புடவைப் பிரிவில் நின்ற தமயந்திக்கு அது வரமாகத்தான் இருந்தது. "சிலை மாதிரி நிக்கிறீங்களே" என்று வாடிக்கையாளர்கள் மெச்சினார்கள்.

பட்டியைக் கழற்றிய பிறகும் உடம்பு இளகவில்லை என்பது டவுன் பஸ்ஸில்தான் தெரிந்தது. டிரைவர் பிரேக் போட்டதும் மற்றவர்கள் ஆடி, வளைந்து, சமாளித்து நின்றுவிட்டார்கள். அவள் மட்டும் கம்பம் சாய்வதுபோல அப்படியே சாய்ந்தாள்.

அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. மறுவாரம் ஐந்து வயது மகள் யாழினி வழக்கம்போல ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தமயந்தி மல்லாக்க விழுந்தாள். பின்மண்டையில் தையல் போட வேண்டியதாயிற்று.

பட்டி இல்லாமல் கடைக்குள் விடமாட்டார்கள். தையல் பிரித்த மறுநாளே கட்டிக்கொண்டு போனாள்.

அன்று திரும்பி வந்தபோது யாழினி கூடத்தின் மறுகோடியிலேயே நின்றாள்.

"என்னடி, அம்மாகிட்ட வரமாட்டியா?"

"செவுத்துல சாஞ்சுக்கம்மா."

தமயந்தி சாய்ந்துகொண்டாள்.

"நல்லா சாஞ்சிட்டியா?"

"சாஞ்சிட்டேன்டி."

"கைய செவுத்துல வச்சுக்க."

வைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் குழந்தை ஓடிவந்தது.