துப்பிய மது

"எதுக்கு ஓடையில கொட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லு கிரீட்டா. மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றார் அப்பொலிஸ்.

கிரீட்டா சுவரோரம் நின்றவர்களைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

தென்னாப்பிரிக்காவின் கேப் மலையடிவாரத் திராட்சைப் பண்ணையில், மது ருசிக்கும் கூடத்திலேயே விசாரணை. தொழிலாளர்கள் சுவரோரம் நின்றார்கள். சுற்றுலா வருகிறவர்கள் மதுவை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பும் வாளிகளைக் கழுவுவது அவள் வேலை. துப்பியது உரக்குழிக்குப் போக வேண்டும். பசுமைச் சான்றிதழின் நிபந்தனை அது. அவளோ மூன்று நாளாக ஓடையில் கொட்டியிருக்கிறாள். பரிசோதகர் பார்த்துவிட்டார்.

"சான்றிதழ் போனா சுற்றுலாக்காரன் ஒருத்தனும் இங்க வரமாட்டான்" என்றார் மேலாளர் தெரோன். "பாலர் பள்ளி, மருத்துவ வண்டி எல்லாம் அவங்க காசுல ஓடுது. நாற்பது குடும்பத்துச் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டா."

அப்பொலிஸ் தொழிலாளர் சங்கத் தலைவர். கூலிக்குப் பதில் மது ஊற்றிக் கொடுத்த வழக்கத்தைப் பதினோரு வாரம் வேலைநிறுத்தம் செய்து, சிறைக்கும் போய் ஒழித்தவர். அந்தப் பெருமை இன்னும் அவர் நடையில் தெரியும்.

"கடைசியாக் கேக்கிறேன். ஏதாவது சொல்றியா?" என்றார் தெரோன்.

"இல்லைங்க."

வேலை போயிற்று. மாதக் கடைசிக்குள் பண்ணை வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

வெளியே வந்ததும் அப்பொலிஸ் சீறினார். "நீ என்ன ஊமையா? ரெண்டு பிள்ளைங்களோட எங்க போவ? உரக்குழி பக்கத்துலதானே இருக்கு. நடந்தா கால் தேஞ்சிருமா?"

"உரக்குழிக்கு எங்க மாமா போகுது? மேஸ்திரி வாளியை வாங்கி வடிகட்டுறாரு. அவரு வர்றதுக்குள்ளதான் ஓடையில ஊத்தினேன்."

"வடிகட்டி?"

"கேன்ல அடைக்கிறாங்க. வெள்ளிக்கிழமை நம்ம ஆம்பளைங்களுக்கு இனாமாத் தர்றாங்களே, அது இதுதான். போன வாரந்தான் என் கண்ணால பார்த்தேன். மேலாளர் உத்தரவாம்."

அப்பொலிஸ் நின்றுவிட்டார்.

"உள்ள சொல்லியிருந்தா அந்தத் தெரோன் வேலைதானேடி போயிருக்கும். ஏன் சொல்லல?"

கிரீட்டா அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் நின்னாங்களே மாமா. முதல் கேனை வாங்கினப்போ, 'வெள்ளைக்காரன் குடிக்கிறதை இப்ப நாமளும் குடிக்கிறோம்'னு அவங்க முன்னாடி தூக்கிக் காட்டிக் குடிச்சது நீங்கதானே."