சரிங்க ஐயா

ஜூலை பதினான்கு, விடாத அடைமழை. குடும்ப நீதிமன்றத்தின் தகரக் கூரையில் நீர் பேரிரைச்சலுடன் விழுந்துகொண்டிருந்தது.

“காதுல குறையே இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க ஐயா. வீட்டுல மிஷின்ல தைச்சுக்கிட்டே எது சொன்னாலும் சரி, சரிம்பாரு. ஒண்ணும் செய்யமாட்டாரு. சுவரோட குடித்தனம்!” என்றாள் மனைவி.

கணவர் ஒருமுறை மறுத்துவிட்டால் வழக்கைத் திரும்பப் பெறுவதென்று மனத்துக்குள் உறுதி பூண்டிருந்தாள்.

நீதிபதி தையல்காரரை வினவினார்: “நீங்க சொல்லுங்க. பிரியச் சம்மதமா?”

“சரிங்க ஐயா.”

தீர்ப்பு எழுதப்பட்டது.

மழை ஓய்ந்த வாசலில் அவர் கூச்சத்துடன் கேட்டார்: “சத்தத்துக்கு நடுவுல யார் பேசினாலும் சொல்லெல்லாம் கலைஞ்சிடுதும்மா. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். வெக்கப்பட்டு சரின்னுடுவேன். ஜட்ஜ் என்ன கேட்டாரு? வீட்டுக்குத்தானே போறோம்?”

அப்போது மணி பன்னிரண்டு அடிக்க நான்கு நிமிடம் இருந்தது.